கத்தரீனாவின் லாச்சிகள்

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் படலைவரைக்கும் போய், வாசல் படலையிலிருந்து திரும்பி வந்து பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் கத்தரீனா எங்கேயும் போனதில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் அவளுக்குச் சந்தேகக்காரி என்றுதான் பெயர். "என்ரை மேள் கடலைப் பாத்தாலும் தொட்டு நக்கிப் பாத்துத்தான் உப்பெண்டு ஒத்துக்கொள்ளுவாள்" என்று அவளுடைய தகப்பன் நீக்கிலாப்பிள்ளை மீன் வாடியில் இருந்து சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் குணம் கணக்குப் படிப்புக்கு நன்றாக உதவியது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய் பல்கலைக்கழகக் கம்பசில் கணிதம் படித்தாள். அங்கேதான் பாஸ்கல் என்ற கொம்பியூட்டர் மொழியையும் பழகினாள். மொழி என்றால் கதைக்கிற மொழியல்ல. மெசினுக்கு வேலை சொல்லுகிற மொழி. நீ எழுதியதைத்தான் அது செய்யும், நினைத்ததைச் செய்யாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் இந்தியன் ஆமி என்ற இந்திய இராணுவத்துக்கும் போராளி இயக்கத்துக்கும் நடந்த சண்டையில் யாழ்ப்பாணம் சிதறிப்போனது. தாய் ஒரு முகாமில், பிள்ளை இன்னொரு முகாமில், புருசன் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மார்கழியில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற அடைக்கலநாதன் மாஸ்டர் பட்டணத்தில் ஒரு வாடகை வீட்டில் 'உறவு தேடும் நிலையம்' என்று ஒரு கந்தோரைத் திறந்தார். வெளிநாட்டில் இருந்த யாரோ புண்ணியவான் ஒரு கொம்பியூட்டரும் ஜெனரேற்றரும் வாங்கிக் கொடுத்திருந்தார். முகாம்களில் இருந்து அட்டைகள் வரும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஆளின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருசம், சொந்த ஊர், இப்போது இருக்கும் இடம். அதை மெசினில் ஏற்ற வேண்டும். உறவைத் தேடி வருகிறவர் பெயர் சொன்னால் ஆள் இருக்கும் இடத்தை மெசின் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு கத்தரீனா போனாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

அங்கே ஏற்கெனவே ஒருவர் வேலைக்கு இருந்தார். முஸ்லிம்கள் வாழும் சோனகத்தெருவைச் சேர்ந்த ஸலாஹுதீன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு செய்தவர், விரல்கள் மழை பெய்கிற மாதிரி ஓடும். அவளும் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிட்டாள், அவரும் அவளைத் 'தங்கச்சி' என்றே கூப்பிட்டார். புது அட்டைகளை ஏற்றுவது கத்தரீனாவின் வேலை. ஏற்றிய அட்டைகளில் பிழை திருத்துவது ஸலாஹுதீனின் வேலை. திருத்திய அட்டையின் மூலையில் பச்சை மையால் ஒரு 'ஸ' போட்டு வைப்பார்.

"ஒன்பதினாயிரம் பேருக்குள்ளை ஒரு ஆளை இது எப்பிடி ஒரு நொடியிலை பிடிக்குது?" என்று ஒருநாள் அவர் கேட்டார். "அகராதி மாதிரி அகர வரிசையிலையோ வைச்சிருக்கிறீர்?"

"இல்லை நானா. அகராதியெண்டால் நடுவிலை விரிச்சு, முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு தள்ளித் தள்ளிப் போகவேணும். நான் மெசினுக்குள்ளை, மேசை இழுப்பறை மாதிரி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு லாச்சி வைச்சிருக்கிறன். ஆளின்ரை பேர், தேப்பன் பேர், ஊர் மூண்டையும் சேத்தால் அதுதான் திறப்பு, சாவி மாதிரி. திறப்பிலை உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம். அதுகளைக் கூட்டித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாலை பிரிச்சால் வாற மிச்சம் இருக்கெல்லே, அதுதான் லாச்சி நம்பர். போடேக்கையும் அதே கணக்கு, தேடேக்கையும் அதே கணக்கு. நேரே போய் அந்த ஒரு லாச்சியை மட்டும் திறக்கும். உள்ளை பத்துப் பேர்தான் இருப்பினம்."

மெசினில் அப்போது தமிழ் எழுத்து இல்லை. எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஸலாஹுதீன் ஒரு கடதாசித் துண்டில் எம், ஏ, ஆர், வை என்று நான்கு எழுத்தை எழுதினார்.

"இது மேரி. இதே நாலு எழுத்தையும் இடம் மாத்தினால் ஆமி. கூட்டினால் ரெண்டுக்கும் ஒரே தொகைதானே? உம்மடை மெசின் மேரியையும் ஆமியையும் ஒரே லாச்சிக்குள்ளையெல்லோ தள்ளப் போகுது!"

கத்தரீனா சிரித்த சில நாட்களில் அதுவும் ஒன்று. அன்றைக்கே கணக்கை மாற்றினாள். முதல் எழுத்தை ஒன்றால் பெருக்கி, இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மூன்றால் பெருக்கிக் கூட்டச் செய்தாள். மேரிக்கு நூற்றறுபத்தொன்பது, ஆமிக்கு நூற்றெழுபத்தாறு.

"இப்பிடிச் செய்தாலும் எங்கையாவது ரெண்டு பேர் ஒரு லாச்சிக்குள்ளை வந்து விழத்தான் செய்வினம். அது பிழையில்லை. லாச்சியைத் திறந்தாப் பிறகு உள்ள ஒவ்வொரு ஆளின்ரை திறப்பையும் கேட்ட திறப்போடை எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுப் பாக்கும். முழுக்கச் சரியா வந்தால்தான் ஆள் இவர் எண்டு சொல்லும்."

"அப்ப ரெண்டு அட்டையிலை ஒரே பேர், ஒரே தேப்பன் பேர், ஒரே ஊர் வந்தால்?"

"ஒரே ஆள் எண்டு நினைக்கும்."

"ஒரே ஆளோ, ஒரே மாதிரி ரெண்டு ஆளோ?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. குருநகரில் சூசைப்பிள்ளையின் மகள் யோசப்பின் என்று இரண்டு அட்டைகள் வந்திருந்தன. மெசின் இரண்டாவதை ஏற்க மறுத்துவிட்டது. கத்தரீனா சைக்கிளில் போய் விசாரித்தாள். உண்மையில் இரண்டு யோசப்பின்கள். ஒருத்திக்கு வயது நாற்பது, மற்றவளுக்குப் பதினொன்று. எழுத்தும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும்தான் மெசின் தானாகப் பார்க்கும். இரண்டு அட்டைகள் ஒரு ஆளைச் சொல்கின்றனவா என்பதை எதை வைத்து முடிவெடுப்பது என்று எழுதுகிறவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் பிறந்த வருசத்தையும் திறப்பில் சேர்த்தாள். அப்போது அவளுக்கும் ஸலாஹுதீனுக்கும் நல்ல ஒற்றுமை இருந்தது.

எண்பத்தெட்டு வைகாசியில் ஒருநாள் இந்தியன் ஆமியின் ஒரு ஒபிசரும் மொழிபெயர்க்க ஒருவரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இங்கே ஒரு பட்டியல் இருக்கிறதாமே என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். மாஸ்டர் மெசின் பழுது என்று சொன்னார். ஒபிசர் மூடிக் கிடந்த கொம்பியூட்டரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கந்தோரின் காற்றே மாறிவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்து ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிகளின் காலம் அது. யார் ஆட்டினார்கள் என்று தெரியாததால் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது. தேநீர் கொண்டுவரும் மனிசி ஏன் இன்றைக்கு மேசைக்குக் கிட்ட நின்றாள்? அடுத்த வீட்டுக்காரர் ஏன் வேலிக் கரையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்?

ஆனியில் பேதுரு வந்தான். வாட்டசாட்டமான கடல் ஆள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான்.

"அக்காவைத் தேடிறன் பிள்ளை. செபஸ்தியம்மா. தேப்பன் யாகப்பு. ஊர் பாசையூர். பிறந்தது நாப்பத்தைஞ்சாம் ஆண்டு."

கத்தரீனாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. மாசி மாதம் செபஸ்தியம்மா நேரிலேயே வந்திருந்தாள். "என்ரை பேரைப் பெரிய எழுத்திலை போடு பிள்ளை, தம்பிக்குக் கண் வடிவாத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தத் தம்பி இதோ முன்னால் நிற்கிறான். கத்தரீனா பெயரை அடித்தாள்.

இல்லை என்றது மெசின்.

பிறந்த வருசத்தை மாற்றி அடித்தாள். தகப்பன் பெயரை வேறு எழுத்தில் அடித்தாள். இல்லை, இல்லை. பேதுருவின் முகம் கறுத்தது. "இருக்கிறா, இருக்கிறா, நான் கண்டனான்" என்று சொல்லிக்கொண்டு மாசி மாதக் கட்டுகளை இறக்கினாள். அட்டைகள் வந்த நாள் வரிசையில்தான் கட்டப்பட்டிருந்தன. மத்தியானம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் புரட்டி அட்டையைப் பிடித்தாள். செபஸ்தியம்மா நாவாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பேதுரு அழுதுகொண்டே ஓடினான். கத்தரீனா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அட்டை இங்கே இருக்கிறது. மெசினில் இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அட்டையின் மூலையில் பச்சை மையில் 'ஸ' இருந்தது.

அடுத்த மூன்று கிழமைக்குள் அப்படிப் பதினொரு பெயர் சேர்ந்துவிட்டது. தேடி வந்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள், அட்டையும் கட்டில் இருக்கும், மெசின் மட்டும் இல்லை என்று சொல்லும். பதினொரு அட்டையிலும் பச்சை 'ஸ'. அவள் ஒரு கொப்பியில் எழுதி, மேசைக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

மாஸ்டரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. ஆனால் உவன் பின்னேரத்திலை ஆரோடை கதைக்கிறான், எங்கை போறான் எண்டு எங்களுக்குத் தெரியுமோ?"

அவ்வளவே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து ஸலாஹுதீன் செய்வதெல்லாம் கத்தரீனாவுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவர் ஏன் பத்து நிமிசம் பிந்தி வந்தார்? அவள் உள்ளே வந்ததும் ஏன் ஒரு துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்? அது மகள் ஸக்கியாவுக்கு வாங்க வேண்டிய மருந்துத் துண்டு என்று பிறகு தெரிய வந்தது. அப்போது கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பொய்தானே சொல்லுவார் என்று நினைத்தாள். பெயரை அழிக்க வேண்டிய பாஸ்வேட் அவருக்குச் சொல்லப்படவில்லைதான், எப்போதாவது பின்னால் நின்று பார்த்துப் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பெயரை அழித்து யாரைக் காப்பாற்றுகிறார்? அல்லது பட்டியலை யாருக்காவது கொடுத்துவிட்டுத் தடயத்தை மறைக்கிறாரா? எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு கதை தயாராக இருந்தது. அவளுடைய புரோகிராமைப் பற்றி மட்டும் சந்தேகம் வரவில்லை. திருத்துகிற பகுதியை எழுதியபோது அதைப் பத்துப் பன்னிரண்டு தரம் சோதித்துப் பார்த்திருந்தாள். ஸலாஹுதீனும் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறார், அதில் பெரும்பாலானவை சரியாகத்தானே இருக்கின்றன?

ஆடி மாதம் கத்தரீனா ஒரு பொய் அட்டை செய்தாள். இராசமலர், தகப்பன் சின்னத்தம்பி, ஊர் வல்வெட்டித்துறை, பிறந்த வருசம் அறுபத்தைந்து. அப்படி ஒரு ஆள் இல்லை. அதை மெசினில் ஏற்றினாள், தேடிப் பார்த்தாள், இருந்தது. பிறகு தகப்பன் பெயர் சின்னத்துரை என்று ஒரு திருத்தத் துண்டு எழுதி அட்டையோடு குத்தி, ஸலாஹுதீனின் மேசையில் வைத்தாள். அவர் திருத்தும்போது பின்னால் அலுமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். விசைப்பலகையில் அவர் அமத்திய ஒவ்வொரு கட்டையையும் பார்த்தாள். பெயரைக் கூப்பிட்டார், தகப்பன் பெயரை மாற்றி அடித்தார், சேமித்தார், பச்சைப் பேனையை எடுத்தார்.

"தேடிப் பாருங்கோ நானா" என்றாள்.

அவர் இராசமலர், சின்னத்துரை, வல்வெட்டித்துறை, அறுபத்தைந்து என்று அடித்தார். இல்லை என்றது மெசின்.

"பாத்தியளோ? போச்சு!" அவளுடைய குரல் அவள் நினைக்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது. முன்னறையில் இருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

ஸலாஹுதீன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"முகாமிலையிருந்து வாற அட்டை ஒண்டாவது மடிப்பில்லாமல் இஞ்சை வந்ததில்லை. இதுக்கு ஒரு மடிப்புமில்லை, ஒரு ஊத்தையுமில்லை. எழுத்தும் உம்மடை எழுத்து. இப்பிடி ஒரு பிள்ளை இல்லை, என்ன?"

கத்தரீனா அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு வைச்ச கண்ணி. சரி. என்ரை பின்னாலை நிண்டு பாத்தனீர்தானே? நான் எந்தக் கட்டையை அமத்தி அந்தப் பிள்ளையை அழிச்சனான்? சொல்லும்."

அவர் ஒரு கட்டையும் பிழையாக அமத்தவில்லை. மாஸ்டர் வாசலில் நின்றபடி, "நேர்மையான மனிசனுக்கு ஏன் கோபம் வருது?" என்று ஒரு வார்த்தை போட்டார். ஸலாஹுதீன் பச்சைப் பேனையை மூடி மேசையில் வைத்தார். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை.

அவர் எழும்பிப்போன கதிரையில் கத்தரீனா இருந்தாள். அது இன்னமும் சூடாக இருந்தது. மெசின் எழுதியதைத்தான் செய்யும். அவர் செய்ததை அவள் கண்ணால் கண்டாள். அப்படியென்றால் இராசமலரை அழித்தது யார்? திருத்துகிற பகுதிக்குத் தான் எழுதிய வரிகளைத் திரையில் எடுத்து, வேறு யாரோ எழுதியதைச் சந்தேகிப்பதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இருபது நிமிசம் பிடித்தது.

பெயரைக் கொண்டு லாச்சியைக் கண்டுபிடி. லாச்சிக்குள் ஆளைக் கண்டுபிடி. புது விபரத்தைப் பழைய விபரத்தின் மேல் எழுது. முடிந்தது.

அவ்வளவுதான். தகப்பன் பெயர் சின்னத்துரை என்று மாறிவிட்டது, ஆனால் இராசமலர் சின்னத்தம்பிக்குக் கணக்குப் பார்த்த பழைய லாச்சிக்குள்ளேயே இருக்கிறாள். புதுப் பெயரால் தேடினால் கணக்கு வேறு லாச்சியைக் காட்டும், அங்கே அவள் இல்லை. பழைய பெயரால் தேடினால் சரியான லாச்சிதான் திறபடும், ஆனால் உள்ளே ஒப்பிட்டுப் பார்க்கும்போது தகப்பன் பெயர் ஒத்துவராது. இரண்டு பெயரில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மெசின் இல்லை என்றுதான் சொல்லும். அவள் மெசினுக்குள்தான் இருக்கிறாள். அவளிடம் போகத்தான் வழியில்லை. இருக்கும் இடத்தை மட்டும் திருத்தினால் இந்தக் கேடு வராது. ஏனென்றால் இருக்கும் இடம் திறப்பில் இல்லை. கத்தரீனா அன்று சோதித்ததெல்லாம் இருக்கும் இடத்தை மாற்றித்தான். ஸலாஹுதீன் திருத்திய நூற்றுக்கணக்கானவையும் அநேகமாக அதுதான். பெயரையோ ஊரையோ பிறந்த வருசத்தையோ திருத்தியவை கொஞ்சம். அவைதான் காணாமல் போனவை.

லாச்சிக் கணக்கை விட்டுவிட்டு, முதல் லாச்சியில் இருந்து கடைசி லாச்சிவரை உள்ளே இருக்கிற எல்லோரையும் வரிசையாக அடித்துத் தரும்படி எழுதினாள். பிறின்ரர் அடுத்த நாள் காலை முழுக்கக் கத்தியது. பிழையான லாச்சிக்குள் இருந்தவர்கள், பொய் இராசமலரைத் தவிர்த்து, முப்பத்தெட்டுப் பேர். கொப்பியில் எழுதிய பதினொரு பேரும் அதில் இருந்தார்கள். செபஸ்தியம்மாவும் இருந்தாள். திருத்தத்துக்கு இரண்டு வரி போதும். ஆளைப் பழைய லாச்சியில் இருந்து வெளியே எடு. திருத்தியபின் புதுக் கணக்குப் பார்த்துப் புது லாச்சியில் போடு.

அன்றைக்கே சோனகத்தெருவுக்குப் போயிருக்க வேண்டும். சைக்கிளையும் வெளியே எடுத்தாள். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. கடைசி அட்டையின் தொடர் இலக்கம் ஒன்பதினாயிரத்து இருநூற்றுப் பதினாலு. பொய் இராசமலரைக் கழித்து மெசினில் எண்ணிப் பார்த்தால் ஒன்பதினாயிரத்து இருநூற்றுப் பதினொன்று. மூன்று குறைகிறது. அட்டைக் கட்டுகளைப் புரட்டினாள். அடுத்தடுத்த மூன்று இலக்கங்கள், பங்குனியில் வல்வெட்டித்துறைப் பக்கத்து முகாமில் இருந்து வந்த கட்டு. அந்த மூன்று அட்டைகளே இல்லை. இது லாச்சிப் பிழையில்லை. இது உண்மையாகவே யாரோ கை வைத்தது.

மாஸ்டரிடம் சொன்னாள். முப்பத்தெட்டைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டவர், மூன்றைப் பற்றிச் சொன்னதும் எழும்பி ஜன்னலைச் சாத்தினார்.

"மூண்டு பேர்தானே. விடு பிள்ளை."

"அட்டையையும் காணேல்லை மாஸ்டர்."

"அவன்தான் கொண்டுபோயிருப்பான். விடு எண்டு சொல்லுறன்."

கத்தரீனா விட்டாள். ஏன் விட்டாள் என்பதைப் பிற்காலத்தில் அவள் ஒளிக்காமல் சொல்லுவாள். அந்த மூன்று பேர் அவளுக்கு வசதியாக இருந்தார்கள். ஸலாஹுதீனின் வாசலில் போய் நின்று, பிழை என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றை அவர்தான் எடுத்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டால் போகத் தேவையில்லை. ஆனால் அழிப்பதற்கு ஒரு பாஸ்வேட் வேண்டும். அது ஸலாஹுதீனுக்குத் தெரியாது. தெரிந்தது அவளுக்கும் மாஸ்டருக்கும் மட்டும். அதையும் அவள் அறிந்துதான் இருந்தாள். அதனால் ஒன்றேமுக்கால் வருசம் மாஸ்டருக்கு முன்னால் இருந்து வேலை செய்துகொண்டே, அவர் ரெலிபோனில் கதைக்கும்போது காது கொடுத்தாள். மாஸ்டரும் அவள் வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தினார்.

தொண்ணூறு பங்குனியில் இந்தியன் ஆமி கப்பலேறிப் போய்விட்டது. அது போன அடுத்த கிழமை, மாஸ்டர் தானாகவே சொன்னார்.

"அந்த மூண்டும் நான்தான் பிள்ளை. ஒபிசர் வந்துபோன சனிக்கிழமை மூண்டு தாய்மார் வந்தவை. மூண்டு பேற்றை பெடியளும் ஒரு வீட்டிலை ஒளிச்சிருந்தவங்கள். முகாமிலை பதிஞ்சவை அந்த வீட்டையே விலாசமாய்க் குடுத்திட்டினம். நான் மெசினிலையும் அழிச்சு, அட்டையையும் அடுப்பிலை வைச்சனான்."

"நல்லது மாஸ்டர். அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"ஆரை நம்பிறது அப்ப?"

"ஸலாஹுதீன் நானாவை ஏன்…"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் ஒருத்தனைப் பாத்துக்கொண்டு நிண்டால் என்னை ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு நினைச்சன்" என்றார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றியவர்தான். கத்தரீனாவால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரமே சோனகத்தெருவுக்குப் போனாள். ஸலாஹுதீனின் மனைவி ஸபூரா கதவைக் கால்வாசி திறந்து, ஆளை அடையாளம் கண்டதும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன குறையுது?"

"ஒண்டும் குறையேல்லை. சொல்லத்தான் வந்தனான்."

உள்ளே இருந்து ஸலாஹுதீன் வந்தார். வீட்டு முன்னறையிலேயே தட்டச்சு மெசினை வைத்து மனுக்கள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கந்தோரில் பெயர் களவெடுத்தவன் என்று பரவியதால் வழக்கறிஞர்கள் ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று ஸபூரா சொன்னாள். கத்தரீனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தெட்டையும் சொன்னாள், மூன்றையும் சொன்னாள், எப்போது தெரிந்தது என்பதையும் ஒளிக்கவில்லை.

"எண்பத்தெட்டு ஆடியிலையே தெரியும்?"

"ஓம்."

அவர் ஸபூராவைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு அவர், கத்தரீனா எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"பிழை எதிலை இருந்தது?"

அவள் ஒரு மனுவின் பின்பக்கத்தில் லாச்சிகளைக் கீறிக் காட்டினாள். பெயர் மாறியது, லாச்சி மாறவில்லை. அவர் குனிந்து கேட்டார். விளங்கியதும் நிமிர்ந்தார்.

"திருத்த எத்தனை வரி?"

"ரெண்டு."

"ரெண்டு வரிக்கு ரெண்டு வருசம் எடுத்திருக்கிறீர் தங்கச்சி" என்றார். சிரிக்கவில்லை. திரும்ப வேலைக்கு வரும்படி கேட்டாள். மாட்டேன் என்று தலையசைத்தார். மாஸ்டர் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் தர வேண்டும் என்று மட்டும் கேட்டார், ஸலாஹுதீன் ஒன்றும் எடுக்கவில்லை என்று. அடுத்த நாள் மாஸ்டர் கடிதத்தைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே கொடுத்தார். இரண்டு வழக்கறிஞர்கள் மறுபடி வேலை கொடுத்தார்கள். கத்தரீனாவைத் தெருவில் கண்டால் அவர் நிற்பார், சுகம் கேட்பார். வீட்டுக்கு வா என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஆனியில் இயக்கத்துக்கும் இலங்கை ஆமிக்கும் சண்டை மறுபடி தொடங்கிக் கரண்டும் போனது. கொம்பியூட்டரைச் சாக்கால் மூடிவிட்டு அட்டைகளைக் கையால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி முடிகிற நேரம் ஒருநாள் சோனகத்தெருப் பக்கம் ஒலிபெருக்கி கேட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் கட்டளை போட்டிருந்தது. கத்தரீனா சைக்கிளில் போனாள். சந்தியில் துவக்கோடு நின்ற இயக்கப் பெடியள் மறித்தார்கள்.

"எங்கை அக்கா போறியள்? அங்கை உங்களுக்கு ஆர்?"

அவள் "தெரிஞ்ச ஆக்கள்" என்றாள். "என்ன மாதிரித் தெரிஞ்ச ஆக்கள்?" என்று ஒருவன் அவளுடைய பெயரையும் ஊரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினான். அவள் சந்தியிலேயே நின்றாள். குழந்தைகளும் பைகளுமாகச் சனம் போவது தூரத்தில் தெரிந்தது. எந்த முகமும் தெளிவாகத் தெரியவில்லை.

மறுநாள் புது அட்டைகளை எடுத்து எழுத இருந்தாள். ஸலாஹுதீன், தகப்பன் அப்துல் காதர், ஊர் யாழ்ப்பாணம். ஸபூரா. ஸக்கியா. மாஸ்டர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, இதை ஆரும் கண்டால் பிரச்சினை. ஏன் இவையை எழுதினாய் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும். ஆக்களைத் தேடிற இடம்தானே இது."

இப்போது இருக்கும் இடம் என்ற கோட்டில் எழுத ஒன்றுமில்லை. வெறுமையாக விட்டாள். அது பதினைந்து மாதம் வெறுமையாக இருந்தது. தொண்ணூற்றிரண்டு தையில் செஞ்சிலுவைக் கடிதம் ஒன்று வந்தது. புத்தளத்தில் ஒரு முகாமில் மூன்று பேரும் இருக்கிறார்கள், ஸக்கியா படிக்கிறாள், நான் மனு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஸலாஹுதீன் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரு கேள்வி: 'எங்கள் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?'

கத்தரீனா போனாள். சோனகத்தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவில்லை, நிலையில்லை. ஸலாஹுதீனின் வீட்டில் அடுப்புப் புகை வந்தது. தீவுப் பகுதியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம். நடுவயதுப் பெண் ஒருத்தி கதவை இடுக்காகத் திறந்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

"உங்கடை பேர் என்ன அம்மா?"

"ஏன் கேக்கிறியள்? ஆர் அனுப்பினது?"

"இந்த வீட்டுக்காரர் கேட்டவர்."

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. "எங்களை எழுப்பப் போறியளோ?" என்று கேட்டாள். இல்லை என்று கத்தரீனா சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை. பெயரும் சொல்லவில்லை. கதவு மெல்லச் சாத்தப்பட்டது, உள்ளே எதையோ இழுத்து முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது. கத்தரீனா வேலியோரமாக நின்று கூரையைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், முன்னறை ஜன்னலைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பதில் எழுதினாள். 'ஆட்கள் இருக்கிறார்கள். தீவில் இருந்து வந்தவர்கள். பெயர் சொல்ல மறுக்கிறார்கள். ஓடுகள் எல்லாம் இருக்கின்றன. கிணறு இறைக்கிறார்கள். முன்னறை ஜன்னலில் ஒரு கதவு இல்லை. தட்டச்சு மெசினைக் காணவில்லை.'

நான் கண்டதை மட்டும்தான் எழுதியிருக்கிறேனா என்று இரண்டாம் முறை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒட்டிச் செஞ்சிலுவைக் கந்தோரில் கொடுத்தாள்.